சம்பந்தி வீட்டில் ஒரு பிரதி

2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் அடித்து நனைத்துவிட்டு ஆந்திரக் கரையேறிய பிறகு, கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவில் முழங்காலளவு நின்ற தண்ணீர் ஒருவாறு வடிந்து, வீட்டுக்குள் படிந்த சேற்றை வாரிக் கொட்டிய கையோடு மர அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தபோது, ஒன்றுக்கு இரண்டாக நான் வெகு ஜாக்கிரதையாகச் சேமித்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் ஒரே சேற்று நீரில் ஊறிக் கிடந்தன. ஒன்று அசல், மற்றது பிரதி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு எது அசல், எது பிரதி என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் ஸ்டோர்ஸில் ஏறக்குறைய முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவனாகையால், எந்த உதிரிப் பாகமானாலும் கையிருப்பில் ஒன்றுக்கு இரண்டு இருக்கவேண்டும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய தொழில் தர்மம். அந்த தர்மப்படியே, 2005 முதல் சேர்ந்த உத்தேசம் நாற்பதாயிரம் படங்களையும், பெண்ணின் காதுகுத்து முதல் கல்யாணம் வரை, என் தாயாரின் கடைசி தீபாவளி உட்பட, இரண்டு டிஸ்க்கிலும் ஏற்றி வந்தேன். நனைந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைப் பையன் அதன் உள்வித்தையை விளக்கினான்: உள்ளே தகடு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழல்கையில், அதைப் படிக்கும் முனை தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் மிதந்து செல்கிறது, அவ்விடத்தில் ஒரு மணல் துகள் புகுந்தால் ஏர் உழுத மாதிரி தகட்டை உழுதுவிடும். இவ்வளவும் சொல்லிவிட்டு, “ரெண்டும் ஒரே வீட்லயா சார் இருந்துச்சு?” என்று கேட்டான். வீடென்ன, ஒரே தட்டிலே இருந்தது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மிஞ்சியவை எவை என்று பார்த்தால், உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அவ்வப்போது அனுப்பிய சில நூறு படங்கள். குடும்ப குரூப்பில் போட்டுவிட்டால் படம் பத்திரமாகிவிட்டது என்று நம் ஜனங்களிடையே ஒரு திடமான நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அவ்வழியே சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே போய்ச் சேருகிறது, எடுத்த தேதி, நேரம் முதலிய குறிப்புகளும் அதனோடு போவதில்லை. என் தாயாரின் முகம் அதில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணிருக்கும் இடத்தில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தெரிகின்றன. அந்தக் கண்களில் இருந்த ஒரு குறும்பை என் பேரனுக்குக் காட்ட இனி வழியில்லை.

இந்த அனுபவத்தைச் சொன்ன மாத்திரத்தில் படித்த நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில், “கிளவுடில் போட்டிருக்க வேண்டியதுதானே?” என்கிறார்கள். போட்டிருக்கலாம்தான். அதனால் உண்டாகும் சௌகரியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 2015இல் கூகுள் போட்டோஸ் தொடங்கியபோது, சற்றே தரம் குறைத்த படங்களை எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்று வாக்களித்து, 2021 ஜூன் முதல் தேதியோடு அந்தச் சலுகையை நிறுத்தியதை மறந்துவிடலாகாது. அஞ்சலுக்கும் மற்றதற்கும் சேர்த்து இன்று இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. இடம், படம் ஒன்றுக்கு 4 எம்.பி. வீதம் கணக்கிட்டால் நாலாயிரம் படங்கூட அதில் அடங்காது. மாதவாடகை கொடுத்து அதிக இடம் பெறலாம். கொடுப்பவர் இருக்கும்வரை சரி. வீட்டுப் பெரியவர் கண்ணை மூடிய பிறகு அவருடைய பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? வேறொரு சங்கடமும் உண்டு. போனையும் கிளவுடையும் ஒன்றுக்கொன்று பிணைத்து வைக்கும் ஏற்பாட்டில், போனில் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வந்ததும் சிறுவன் ஒருவன் படங்களைத் தட்டித் தட்டி அழித்தால், அங்கேயும் அவை கூடவே அழிகின்றன. சில வாரங்கள் குப்பைக் கூடையில் கிடந்து, பிறகு அங்கிருந்தும் போய்விடுகின்றன. அசல் அழிந்தால் தானும் உடன்கட்டை ஏறுவதற்குப் பிரதி என்று பெயர் சொல்லலாமா?

பிரதி எடுக்காமலே நிலைத்தவையும் உண்டு. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூண்டி ஏரிக்கு அருகில் அத்திரம்பாக்கத்தில், 1863இல் நிலவியலாளர்களான ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டெடுத்த கற்கருவிகளின் பரம்பரைக்கு, பிற்கால ஆராய்ச்சி சுமார் 15 லட்சம் வருஷ வயது கணித்திருக்கிறது. பூண்டி அருங்காட்சியகத்தில் இத்தகைய கற்களை இன்றும் பார்க்கலாம். செய்தவன் யாரோ, எறிந்துவிட்டுப் போனான். ஒருவரும் சிரத்தை எடுக்காமலே அவை இருந்துவிட்டன. நம் கையில் இருப்பதோ கல் அல்ல, ஓலை. ஓலை நம் சீதோஷ்ணத்தில் கரையானுக்கும் பூச்சிக்கும் இரையாகிச் சில நூற்றாண்டுகளில் உளுத்துப்போகும் என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்ததால்தான், தலைமுறைக்கொரு தடவை உட்கார்ந்து ஏடு பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தெழுதிய பிறகு பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். பின்னால் எழுதுகிற வேலை நின்றுபோய் ஆற்றில் விடுகிற சடங்கு மட்டும் மிஞ்சியது என்பது நம் துரதிருஷ்டம். 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சேற்ற முடிந்ததென்றால், அந்நூலின் பிரதிகள் ஒரே மடத்துப் பெட்டியில் அடைந்து கிடக்காமல் பல ஊர்களில் பல வீட்டுப் பரண்களில் சிதறியிருந்ததும் அதற்கு ஒரு முக்கியமான காரணம். ஹார்ட் டிஸ்க்கின் ஆயுளோ ஓலையின் ஆயுளில் ஒரு சிறு பங்குதான். ஐந்தாறு வருஷத்துக்கு மேல் அதை நம்பக்கூடாது. அதற்கும் பெயர்த்தெழுதுகிற வேலை உண்டு. ஒரே ஆறுதல், இங்கே பாடபேதம் கிடையாது.

எங்கள் ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உண்டு. அங்கே ஒரு மூதாட்டி தம் கல்யாணப் படத்தை எனக்குக் காட்டினார். யாழ்ப்பாணத்து ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஓரம் மஞ்சளித்திருந்தது, திருப்பிப் பார்த்தால் நீல மையில் ‘அண்ணாவுக்கு’ என்று எழுதியிருந்தது. “எங்கட வீட்டில இருந்ததெல்லாம் போச்சுது தம்பி. லண்டனில அண்ணாவுக்கு அனுப்பினது மட்டும் மிஞ்சிச்சுது. அதைத்தான் அவர் பிறகு திருப்பி அனுப்பினவர்” என்றார். அவர் பிறந்த ஊரில்தான் 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்டு, வேறெங்கும் நகல் இல்லாத ஏடுகளும் சேர்ந்து சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நூலகத்தில் நூல்களைப் பராமரிக்கப் பொறுப்புள்ளவர்கள் இருந்தார்கள். அம்மூதாட்டி பராமரிப்பு என்று எதையும் செய்யவில்லை, தங்கையின் கல்யாணத்துக்கு வரமுடியாத ஓர் அண்ணனுக்காகத் தபாலில் ஒரு படம் அனுப்பினார், அவ்வளவே. அதற்கும் மேலான பேக்கப் ஏற்பாடு ஒன்றை நான் இன்றுவரை கண்டதில்லை.

சிப்காட்டைச் சுற்றியுள்ள அறைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு, ஊரில் பிறந்து இன்னும் நேரில் பார்க்காத குழந்தையின் படம் உட்பட, சகலமும் ஒரு போனுக்குள்தான் இருக்கிறது; மின்சார ரயில் நெரிசலில் அந்தப் போன் பறிபோனால் குடும்பமே பறிபோன மாதிரி உட்கார்ந்துவிடுகிறார்கள். இவர்களுக்கெல்லாம் டிஸ்க் வாங்கச் சொல்லி உபதேசிப்பதில் பிரயோஜனமில்லை. கிளை நூலகங்களில் ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்கி, போனிலிருந்து படங்களை இறக்கி பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொடுக்க வாரம் ஒரு நாள் ஏற்பாடு செய்தால் என்ன என்பது என் யோசனை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடிப் பிரதி எடுத்திருக்கிறதே! நாளைக்கு அப்படித் தேடிவர ஆட்கள் இருக்கலாம். தேடினால் கிடைப்பதற்கு ஏதேனும் இருக்கவேண்டுமல்லவா?

வசதியுள்ளவர்கள் விஷயம் வேறு. கல்யாணத்துக்கு டிரோன் பறக்கவிடுகிறோம், கரிஷ்மா ஆல்பத்துக்கு அள்ளிக் கொடுக்கிறோம். போட்டோகிராபர் கொடுக்கும் பென் டிரைவைப் பாக்குத் தட்டில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்று பீட்டர் க்ரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய சூத்திரம் ஒன்று உண்டு. அதன் மூன்றாவது உறுப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 1998இல் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதி பிக்ஸார் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் தவறுதலாக அழிந்து, ஆபீஸ் பேக்கப்பைத் திறந்தால் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தபோது, கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த ஓர் அம்மையாரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது. எடுத்த பிரதியைத் திறந்து பார்க்கவேண்டும் என்ற பாடமும் இதிலேயே இருக்கிறது.

உறவினர், மருமகன் என்று பல இடங்களில் தேடி மீட்ட படங்களையும் புதியவற்றையும் சேர்த்து, இப்போது மீண்டும் இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்று என்னிடம், மற்றது சேலத்தில் சம்பந்தி வீட்டில். வருஷந்தோறும் பெண்ணுக்குப் பொங்கல் சீர் கொண்டு போகையில், கரும்பு, மஞ்சள்கொத்து, பித்தளைப் பானை இவற்றோடு, அந்தப் பானைக்குள் ஈரிழைத் துண்டில் சுற்றிய என் டிஸ்க்கும் பிரயாணம் செய்கிறது; திரும்பும்போது அங்கே இருந்ததை எடுத்துவந்து, இடையில் சேர்ந்ததை அதில் ஏற்றிக்கொள்கிறேன். சம்பந்தியம்மாள் அதை நகைகளோடு இரும்பு பீரோவில் வைத்திருக்கிறார். முதல் வருஷம் திரும்பி வந்த டிஸ்க்கின் நடுவில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. ஆயுத பூஜையன்று இட்டதாம். வயர் சொருகும் துவாரத்தின் ஓரத்தை மாத்திரம் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டு, பொட்டை அப்படியே விட்டுவிட்டேன்.