முகம் வீங்கிய பிள்ளையும் ஒரு கொப்பியும்

கண்டியில் நான் செய்தியாளனாகப் பணியாற்றிய காலத்தில், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்பிவந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை மாஸ்டர் என்றே அழைப்போம். ஒரு நாள் தொலைபேசியில் வழக்கமான செய்தி எதையும் சொல்லாமல், "ஐயா, மகனுக்கு முகம் வீங்கியிருக்கிறது. எந்த டொக்டரிடம் காட்டுவது என்று தெரியவில்லை" என்றார். பிள்ளைக்கு அப்போது நான்கு வயது.

வீக்கம் தொடங்கிப் பத்து நாளாகியிருந்தது. காலையில் எழும்பும்போது கண்ணிமைகள் தடித்திருக்கும், மாலையில் வடிந்துவிடும். பூச்சி கடித்திருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். தோட்டத்து மருந்தகத்தில் ஒவ்வாமைக்கான குளிசை கொடுத்தார்கள். மாலையில் வீக்கம் குறைந்ததால் குளிசை வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் குறைத்தது குளிசையன்று. படுத்திருக்கும்போது முகத்தில் தேங்கும் நீர், பிள்ளை எழுந்து நடமாடியதும் காலுக்கு இறங்குகிறது, அவ்வளவுதான். கால்களை எவரும் பார்க்கவில்லை. காற்சட்டைப் பொத்தான் வயிற்றில் பூட்டப்படாமல் போன அன்றுதான் தாய் அழத் தொடங்கினாராம்.

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது அதன் பிறகுதான். தமிழில் இதற்கு நாவில் நிற்கும் பெயர் இன்றும் இல்லை. பழைய வைத்திய நூல்களிலே சோபை என்றொரு சொல் உண்டு. அது எல்லா வகை வீக்கத்தையும் குறிக்கும். மலையகத்தில் "நீர் வீக்கம்" என்பார்கள். பெயரில்லாத நோயைப் பற்றிப் பேசுவது கடினம். அதனாலேயே இதை எழுதுகிறேன். நான் மருத்துவனல்லன் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நமது சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. வளர்ந்த ஒருவரின் உடலில் அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. அதிற் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்துக்கே திரும்புகிறது. தேங்காய்ப்பால் பிழியும் துணி திப்பியைத் தடுத்துப் பாலை விடுவதுபோல, இந்த வடிகட்டி புரதத்தைத் தடுத்து நீரையும் கழிவையும் விடும். துணியின் இழைகளாக நிற்பவை பொடோசைட் எனப்படும் உயிரணுக்கள். இரத்தக் குழாயைச் சுற்றிக் கால்களை விரித்து நிற்கும் அவற்றின் கால்கள் சிதைந்து தட்டையாகிவிட்டால், புரதம் சிறுநீரோடு வெளியேறும். அல்புமின் என்ற புரதமே இரத்தத்துக்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு வகிப்பது. அது குறைய, இழையங்களில் நீர் தேங்குகிறது. சிறுநீரகமும் உப்பை வெளியேற்றாமல் பிடித்துக்கொள்கிறது. இழந்த புரதத்தை ஈடுசெய்ய ஈரல் படும் பாட்டில் கொழுப்பும் கூடுகிறது. ஆக, சிறுநீரில் மிகையான புரதம், இரத்தத்தில் குறைந்த அல்புமின், வீக்கம், உயர்ந்த கொழுப்பு ஆகிய நான்கும் ஒன்றாக நிற்பதே இந்தக் கோலம். இது தனியொரு நோயன்று, பல நோய்கள் வந்து சேரும் ஒரே வாசல்.

வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளைப் பிடித்த சிறுநீரக நோயும் இதுவும் ஒன்றா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. காரணம் இன்றுவரை தீர்க்கமாகப் பிடிபடாத அந்த நோயில் சிறுநீரில் புரதம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்; வீக்கமும் முன்னே வராது. இரண்டையும் ஒன்றாக்கி, "எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டது" என்று தம்மைத் தாமே நொந்துகொள்ளும் பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன்.

பிள்ளைகளிடம், அதிலும் 2 வயது முதல் 6 வயதுவரை, இந்நோய் அதிகம். பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளை ஏறத்தாழ இரு மடங்கு பிடிக்கிறது. தெற்காசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதலாக வருகிறது என்பது பிரித்தானியாவில் பேர்மிங்ஹாம் மருத்துவர்கள் 1985 இல் வெளியிட்ட ஆய்விலேயே தெரியவந்தது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இதைப் படிக்கும் தமிழ்ப் பெற்றோர் இந்த வரியைக் கடந்துபோக வேண்டாம். காரணம் என்னவென்றால், பெரும்பாலான பிள்ளைகளில் உடலின் எதிர்ப்பு ஆற்றலே வழிதவறிப் பொடோசைட்டைத் தாக்குகிறது என்ற ஐயம் நெடுங்காலமாக இருந்தது. வடிகட்டியின் இடைவெளியைக் காக்கும் நெஃப்ரின் என்ற புரதத்தை 1998 இல் பின்லாந்துப் பிள்ளைகளின் பரம்பரை நோயை ஆராய்ந்தபோது கண்டுபிடித்தார்கள். அந்த நெஃப்ரினுக்கு எதிரான பொருட்கள் நோயாளர் பலரின் இரத்தத்தில் இருப்பதை 2022 இலும் 2024 இலும் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுவே விடை என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஐயத்துக்கு ஓர் உருவம் கிடைத்திருக்கிறது.

வளர்ந்தோரில் கதை வேறு. நீரிழிவு, லூபஸ், ஈரலழற்சி பி, சில வலிநிவாரணிகள் எனப் பட்டியல் நீளும். ஆதலால் பிள்ளைகளில் பெரும்பாலும் தேவைப்படாத திசுப் பரிசோதனை, அதாவது சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துணுக்கெடுத்துப் பார்ப்பது, வளர்ந்தோருக்குப் பொதுவாகத் தேவைப்படுகிறது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாதரசம் கலந்த முகம் வெளுப்பாக்கும் களிம்புகளைப் பூசியவர்களுக்கு இந்நோய் வந்ததைக் கேரளத்தின் மலப்புரம் மாவட்ட மருத்துவர்கள் 2023 இல் கண்டறிந்தார்கள். சில நாட்டு மருந்துகளுக்கும் இதற்குமுள்ள தொடர்பைத் தமிழ்நாட்டு மருத்துவர்கள் 2022 இல் எழுதியிருக்கிறார்கள். நாட்டு வைத்தியத்தை முழுவதும் வெறுப்பவனல்லன் நான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத டப்பாவை வெறுக்கிறேன்.

மாஸ்டரின் மகனுக்குச் சிறுநீரைச் சோதித்த அன்றே நோய் தெரிந்துவிட்டது. பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. 1827 இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காய்ச்சிப் பார்த்தார். முட்டை வெள்ளைக்கருபோல் உறைந்தால் புரதம் ஒழுகுகிறது என்று பொருள். இன்றும் அடிப்படை அதுவே. காய்ச்சும் முறைக்குப் பதிலாக நிறம் மாறும் பட்டை வந்திருக்கிறது. பிறகு இரத்தத்தில் அல்புமினைப் பார்ப்பார்கள். 100 மில்லிலீற்றருக்கு 3 கிராமுக்குக் கீழே போயிருந்தால் உறுதி.

சிகிச்சை பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட். 4 முதல் 6 வாரங்கள் தினமும், அதன் பின் ஏறத்தாழ அதே காலத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், குறைந்த அளவில். பத்துப் பிள்ளைகளில் எட்டு ஒன்பது பேருக்குச் சிறுநீர் தெளிந்துவிடுகிறது. அது தெளியாத பிள்ளைகளின் கதைதான் கடினமானது. அவர்களுக்குத் திசுப் பரிசோதனையும் மரபணுச் சோதனையும் தேவைப்படும், சிலருக்குக் காலப்போக்கில் சிறுநீரகமே செயலிழக்கும். உணவில் குறைக்க வேண்டியது உப்பு: கருவாடு, ஊறுகாய், பொதியில் வரும் நொறுக்குத் தீனி. புரதம் போகிறதே என்று நாளுக்கு நான்கு முட்டை ஊட்டுவதால் பயனில்லை. வயதுக்கு ஏற்ற அளவு போதும்.

மகனின் சிறுநீர் மூன்றாவது வாரமே தெளிந்தது. நான் செய்தியை மறந்துவிட்டேன். எட்டு வாரம் கழிந்து மாஸ்டர் மீண்டும் அழைத்தார். பிள்ளை கடும் வயிற்று வலியுடனும் காய்ச்சலுடனும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். நடந்தது இதுதான்: மருந்தால் பிள்ளையின் முகம் முழுநிலவுபோல் உருண்டுவிட்டது, ஓயாமல் சாப்பாடு கேட்டான். வீக்கம் திரும்பிவிட்டதென்று அயலவர்கள் சொன்னார்கள். மாஸ்டர் மருந்தை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். நீண்ட நாள் உண்ட ஸ்டீரொய்டைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து. அத்துடன் நோயும் திரும்பியது. சிறுநீரோடு எதிர்ப்புப் புரதங்களும் போய்விடுவதால் வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி பற்றியது. இந்நோயில் பிள்ளைகளைக் கொல்வது பெரும்பாலும் வீக்கமன்று. இப்படிப்பட்ட தொற்றும், இரத்தம் கட்டியாவதுமே.

"நிறுத்தக் கூடாதென்று எவரும் சொல்லவில்லையா, மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். எல்லாம் எழுதப்பட்டிருந்தது, சிங்களத்தில், அவசரக் கையெழுத்தில். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் தம் மகனின் உயிர் எழுதப்பட்டிருந்த பக்கத்தைப் படிக்க முடியாமல் நின்றார். எந்த மருத்துவமனை என்பது இங்கு தேவையில்லை. எழுதிய வைத்தியர் நூற்றுக்கணக்கான நோயாளர் நடுவே தம்மால் இயன்றதைச் செய்தவர். ஆனால் தமிழ் அரசகரும மொழிகளில் ஒன்றாகி, 1987 இன் 13 ஆவது திருத்தத்திலிருந்து கணக்கிட்டால், மூன்றரை தசாப்தத்துக்கு மேலாகிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி எத்தனையோ ஆசிரியத் தலையங்கங்கள் எழுதியிருக்கிறேன். அது ஒரு பிள்ளையின் வயிற்றில் எப்படித் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். அதன் பின் பத்தாண்டுகளில் எத்தனையோ தடவை நோய் திரும்பியது. அது இந்நோயின் இயல்பு. சுகப்பட்ட பிள்ளைகளில் முக்காற்பங்கினருக்கு ஒரு தடவையாவது திரும்பும். அடிக்கடி திரும்பினால் லெவமிசோல், சைக்ளோபொஸ்பமைட், மைகோபினோலேட், டாக்ரோலிமஸ், ரிட்டுக்சிமாப் என வேறு மருந்துகள் உண்டு. திரும்பும் தருணம் பெரும்பாலும் ஒரு தடிமல் காய்ச்சலோடு வரும். மழையும் பனியும் மாறி மாறி வரும் எங்கள் மலையில் தடிமலுக்கா பஞ்சம்?

இந்த இடத்தில் கண்டிக்காரர் பெருமைப்படத்தக்க ஒரு விடயம் உண்டு. தடிமல் தொடங்கியதும் சில நாட்களுக்குச் சிறிதளவு பிரெட்னிசொலோனைத் தினமும் கொடுத்தால் நோய் திரும்புவதைத் தடுக்கலாமா என்று பேராதனையில் பேராசிரியர் அசிரி அபேகுணவர்தன ஆராய்ந்தார். இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ட்ரொம்பீட்டருடன் சேர்ந்து 2008 இல் முதல் ஆய்வை வெளியிட்டார். 2017 இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட அடுத்த ஆய்வில், மருந்து பெற்றவர்களுக்கு வந்த 115 தடிமல்களில் 11 தடவை நோய் திரும்பியது. வெற்றுக் குளிசை பெற்றவர்களின் 101 தடிமல்களில் 25 தடவை. உலகின் சிகிச்சை வழிகாட்டிகள் பேராதனையை மேற்கோள் காட்டின.

பின்னர் பிரித்தானியாவில் இதே கேள்வியைப் பெரிய அளவில் கேட்டார்கள். 365 பிள்ளைகளைச் சேர்த்த அந்த ஆய்வு 2022 இல் வெளிவந்தது. தடிமலின் பின் நோய் திரும்பியவர்கள் ஒரு பக்கம் 42.7 வீதம், மறுபக்கம் 44.3 வீதம், வேறுபாடில்லை என்றே சொல்ல வேண்டும். தெற்காசிய வம்சாவளியினர் 54 பேரைத் தனியே பிரித்தபோது மட்டும் பயன் பக்கம் சற்றுச் சாய்வு தெரிந்தது. ஆனால் துணிந்து சொல்லுமளவுக்கு அது போதவில்லை. பிள்ளைகளுக்கான சர்வதேசச் சிறுநீரக மருத்துவச் சங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கமாக அப்படிக் கொடுக்க வேண்டாமென்று இப்போது சொல்கிறது. பேராதனை தோற்றுவிட்டது என்று நான் கருதவில்லை. கேட்கத் தகுந்த கேள்வியை முதலில் ஒழுங்காகக் கேட்டது பேராதனை. அதனாலேதான் மற்றவர்கள் சோதிக்க முடிந்தது. என் தொழிலின் குறை வேறு. முதல் செய்தியை முன்பக்கத்தில் போடுவோம், அதைத் திருத்தும் இரண்டாம் செய்திக்கு எங்களிடம் இடமிருக்காது. அயல்வீட்டுக்காரரின் பழைய பத்திரிகை நறுக்கை நம்பித் தடிமலுக்கு மருந்தைக் கூட்டும் பெற்றோர் இருக்கக்கூடும். உங்கள் வைத்தியரைக் கேளாமல் அதைச் செய்யாதீர்கள்.

நான் சுகாதார அமைச்சிடம் கேட்பது பெரிய கட்டடமன்று. பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, மருந்து இலவசம். வீட்டில் சிறுநீரைச் சோதிக்கும் பட்டைகளும், அதிகாலைச் சிறுநீரின் முடிவை நாள்தோறும் குறிக்கத் தமிழில் அச்சிட்ட ஒரு கொப்பியும் கொடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் மூன்று சிலுவைக் குறி வந்தால் உடனே வரவும், மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது, ஸ்டீரொய்ட் கூடுதலாக எடுக்கும் காலத்தில் தடுப்பூசி போடுமுன் வைத்தியரைக் கேட்கவும் என்ற மூன்று வரிகள் அதன் அட்டையில் இருந்தால் போதும். கலஹா வழியாக வரும் பஸ்ஸில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரும் தாய்க்கு, எந்த நாளில் வரத் தேவையில்லை என்பதையும் அந்தக் கொப்பியே சொல்லும்.

மாஸ்டர் அப்படியொரு கொப்பியைத் தாமே தயாரித்தார். கோடு கிழித்து, திகதி எழுதி, ஆசிரியருக்கே உரிய முத்து முத்தான எழுத்தில். பட்டை வாங்க முடியாத மாதங்களில் பரிசோதனைக் குழாயில் காய்ச்சிப் பார்த்துக் கலங்கலின் அளவைக் குறித்திருக்கிறார். பதினொரு கொப்பிகள். கடைசிக் கொப்பியின் பாதியில் பதிவுகள் மகனின் கையெழுத்துக்கு மாறுகின்றன. அவனுக்கு இப்போது வயது முப்பதை நெருங்குகிறது. கண்டி நகரில் வேலை. நோய் கடைசியாகத் திரும்பியது பதினைந்தாம் வயதில். சென்ற மாதம் கண்டபோது, இன்னும் காலையில் நுரை நிற்கிறதா என்று பார்ப்பதுண்டு, அது பல் துலக்குவதுபோல் பழகிவிட்டது என்று சிரித்தபடி சொன்னான்.