குழாய் வந்தது, குடிநீர் வந்ததா?

வங்கதேசப் போர் மூண்ட 1971-ஆம் ஆண்டில், மேற்கு வங்க எல்லையில் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் திரவம் தீர்ந்துபோகவே, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் புகட்டி ஏராளமானோரின் உயிர்காத்தார் டாக்டர் திலீப் மகலானபிஸ். அந்த எளிய கரைசலைக்கூட எல்லாக் குழந்தைகளுக்கும் இன்னும் கொண்டுசேர்க்க முடியவில்லை. வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்ட 5 வயதுக்கு உள்பட்ட குழந்தைகளில் 10-க்கு 4 பேருக்கு அது கிடைக்கவில்லை என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு.

ஆனால், மருந்தைக் கொண்டுசேர்ப்பது மட்டுமே தீர்வாகிவிடாது. நோய் பிறக்கும் இடம் வேறு. நாளொன்றுக்குச் சில மணி நேரமே குடிநீர் வரும் நகரங்களில், குழாய்கள் வெறுமையாகக் கிடக்கும்போது விரிசல்கள் வழியே சாக்கடை நீர் உள்ளே புகுகிறது. மறுநாள் அதுவே குடிநீராக வருகிறது. அதைக் குடத்தில் சேமித்துவைக்கும் ஏழைக் குடும்பத்துக்குக் கைகழுவக்கூடத் தண்ணீரைச் சிக்கனப்படுத்த வேண்டிய நிலை. அடிக்கடி வயிற்றுப்போக்குக்கு ஆளாகும் குழந்தை மெலிகிறது. மெலிந்த குழந்தையை நோய் மீண்டும் எளிதில் பற்றுகிறது.

இதற்கு யார் பொறுப்பு? மத்தியில் கிராமக் குடிநீருக்கு ஒரு அமைச்சகம், நகர்ப்புறக் கட்டமைப்புக்கு வேறொன்று, அங்கன்வாடிக்கு மற்றொன்று, மருந்துக்கு இன்னொன்று. குடிநீர் விநியோகமோ மாநில அரசுகளின் பொறுப்பு. குழந்தை இறந்தால் மட்டும் பதில் சொல்ல எவரும் இல்லை.

சாதனைகளை மறுப்பதற்கில்லை. ஜல் ஜீவன் திட்டம் தொடங்கிய 2019-இல் கிராமப்புற வீடுகளில் சுமார் 17 சதவீதத்துக்கே குழாய் இணைப்பு இருந்தது. இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ளது. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தும் 2019-க்குள் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது. ஆயினும், அரசு எண்ணுவது இணைப்புகளையே தவிர, நீரின் தூய்மையை அல்ல. திறந்தவெளியில் மலம் கழிப்பது கிராமங்களில் ஒழிந்துவிட்டதாக 2019 அக்டோபர் 2-இல் அறிவிக்கப்பட்டது. அதே காலகட்டத்தில் தொடங்கிய குடும்பநல ஆய்வோ, நாட்டில் 19 சதவீத வீடுகளில் எந்தக் கழிப்பறையும் பயன்படுத்தப்படுவதில்லை எனக் கண்டது.

ஒவ்வொரு வார்டிலும் ஊராட்சியிலும் குடிநீர்ப் பரிசோதனை முடிவும், வயிற்றுப்போக்குக்கு ஆளான குழந்தைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக வெளியிடப்பட வேண்டும். அப்போதுதான் எந்தக் குழாய் நோயைச் சுமந்துவருகிறது என்பது மக்களுக்குத் தெரியும்; பொறுப்பானவர்களை அவர்கள் கேள்வி கேட்கவும் முடியும். திறப்புவிழாக் கல்வெட்டுகளைக் காட்டி வாக்கு கேட்பவர்கள், இந்தக் கணக்கையும் காட்டக் கடமைப்பட்டவர்கள்.