வசையை வாளாக்கிய வாய்கள்

கம்பத்திலும் போடியிலும் நாள்தோறும் நம் காதிலே விழும் சொல் ‘கூலி’. தமிழிலே அதற்கு என்ன பொருள்? உழைத்தவர் பெறும் ஊதியம். வெள்ளைத் துரைமார் நாவிலே அதுவே உழைப்பவரின் பெயராயிற்று! அப்பன் வைத்த பெயர் அழிந்தது. துரையின் பேரேட்டிலே எண் ஏறியது.

தோழர்களே! பெயரைப் பறிப்பதுதான் அடிமைத்தனத்தின் முதல் வேலை. ஆப்பிரிக்க மக்களைக் கப்பலிலே அடைத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு விற்றவர்களும் அதைத்தான் செய்தார்கள். 1833இல் பிரிட்டிஷ் பேரரசு அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. தோட்ட முதலாளி திருந்தினானா? 1834இலேயே மொரீசியசுக்கு இந்தியக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். இலங்கை மலைகளுக்கு நம்மவரைக் கங்காணியின் முன்பணம் இழுத்துச் சென்றது. விலங்கு போயிற்று, கடன் வந்தது!

கறுப்பு மக்கள் பாட்டால் பதில் சொன்னார்கள். மார்த்தினிக் தீவின் எமே செசேர், 1939இல் வெளிவந்த நெடும்பாட்டிலே, தம் இனத்தை ஏசிய சொல்லையே எடுத்து இனப்பெருமையின் பெயராக்கினார். அவருடைய தோழர், கவிஞர் செங்கோர், 1960இல் செனகல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். மொரீசியசுக் கவிஞர் கால் தொரபுள்ளி 1992இல் ‘கூலி’ என்ற சொல்லையும் அப்படியே நிமிர்த்தினார்.

நம்மிடம் பாட்டு இல்லையா? உண்டு! இலங்கைத் தோட்டத்திலே பிறந்து 1947இல் நாடாளுமன்றம் சென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தம் மக்களை நாடற்றவராக்கியதைக் கண்டவர். 1954இல் அவர்கள் துயரை ஆங்கிலக் கவிதையாக்கினார். தோட்டத்துப் பாடல்களையும் தேடித் தொகுத்தார்.

நம் ஏலமலைக்கு அப்படி ஒருவர் வேண்டாமா? இன்றும் நம் பெண்கள் ஜீப்பிலே குமுளிக்கும் போடிமெட்டுக்கும் மேலே போய்க் காய் பறிக்கிறார்கள். 2015 செப்டம்பரிலே மூணாற்றின் தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பெண்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையிலே அமர்ந்தார்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொன்னார்கள், கேட்டதைப் பெற்றார்கள். பறித்த காய்க்கு எடைச்சீட்டு உண்டு. பறித்தவள் பாடிய பாட்டுக்கு ஏடு எங்கே?

“பாட்டு வயிற்றை நிரப்புமா?” என்பர் சிலர். நிரப்பாது. ஆனால், பெயரும் வரலாறும் இல்லாதவரிடம் கூலியைக் குறைத்துப் பேசுவது முதலாளிக்கு மிக எளிது!

படிப்பகம் நடத்தும் தோழர்களே! வரும் ஞாயிறு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தோட்டம் கண்ட பாட்டிமாரிடம் செல்லுங்கள். பாட்டை எழுதுங்கள். பாடியவர் யாரென்ற இடத்திலே ‘கூலிப் பெண்’ என்று எழுதிவிடாதீர்கள். அவர் பெயரை எழுதுங்கள்!