கழுகு தெரிகிறது, ஆடு தெரியவில்லை
மேற்கு மொங்கோலியாவின் பயான் ஒல்கீயில் கசாக் மேய்ப்பர்களின் பனிக்கால இடப்பெயர்வில் உடன் செல்ல வெளிநாட்டார் பணம் கொடுக்கின்றனர். போகட்டும், தவறில்லை. ஆனால், அவர்கள் கொண்டுவரும் படங்களில் பொன்கழுகு மாத்திரமே இருக்கிறது. கழுகு நரித்தோல் தரும், பெருமை தரும். சில ஆண்டுகளின் பின் அதனை மலையிலேயே விட்டுவிடுவார்கள். குடும்பத்தின் வயிற்றை நிரப்புபவை ஆடுகளும் மாடுகளுமே. புல்வெளி பனிக்கட்டியாய் இறுகிவிட்டால் அவை பட்டினியால் சாகும். 'ஜுட்' என்று அதனை அஞ்சுகிறார்கள். 2009-10 இல் மொங்கோலியா முழுவதும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. 2023-24 இல் மீண்டும் 70 இலட்சத்துக்கு மேல். எங்கள் பத்திரிகைகளில் அது ஒற்றைப் பத்தி. கழுகுக்கோ வண்ணப் பக்கம். (படத்தைத் தெரிவு செய்வதும் நாங்கள்தானே!) கழுகைக் கையில் ஏந்திப் படமெடுத்துக் கொள்பவர்கள், பட்டிப்பக்கமும் போய், சென்ற பனிக்காலத்தில் எத்தனை ஆடுகள் எஞ்சின என்று அந்த மேய்ப்பரைக் கேட்கட்டும்.