மைனரை ஏற்றினால் குற்றமா?

எங்கள் ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ் மேஜையில் நாலாவது நாற்காலி இரண்டு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது. மூன்று கிழவர்கள் கூடுகிறோம், காபி குடிக்கிறோம், சீட்டுக்கட்டைப் பிரிக்காமலே கலைகிறோம். நாலாவது ஆள் ஊரைவிட்டுப் போகவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஒரு கிளாவர் ஏலத்துக்காக அவரை விரட்டிவிட்டோம். அந்த அநியாயத்தைத்தான் இன்று எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். எங்களில் மூத்தவர் ‘ஒரு கிளாவர்’ என்று ஏலத்தைத் தொடங்கினார். அவருக்கு ஜோடி, போன வருடம் ஓய்வு பெற்று, புதிதாக ஆட்டம் பழகியவர். புதியவர் கையில் கிளாவரில் ராஜா, ஜாக், 9, 6, 4. ஆர்ட்டினில் ராஜா, 6, 2. டயமனில் 9, 5, 3, 2. இஸ்பேடில் ஒற்றை 7. ஆக ஏழு பாயிண்ட். ‘இரண்டு கிளாவர்’ என்று ஏற்றினார். அடுத்து இருந்த நான் ‘இரண்டு இஸ்பேடு’ என்றேன். மூத்தவர் பாஸ். எல்லோரும் பாஸ். ஒன்பது பிடி எடுத்து 140 எழுதிக்கொண்டேன்.

உடனே மூத்தவர் ஆரம்பித்தார்: “மைனரைப் போய் யாராவது ஏத்துவாங்களா வே? நோ டிரம்ப் சொல்லத் தெரியாதா?”

“சரிங்க அண்ணாச்சி” என்று தலையைக் குனிந்துகொண்டார் அவர். அடுத்த வாரம் வரவில்லை.

மூத்தவரின் கையையும் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். இஸ்பேடு 9, 4, 3. ஆர்ட்டின் ஆஸ், ராணி, 5. டயமன் ராணி, 7. கிளாவர் ஆஸ், ராணி, 7, 5, 3. ‘மூன்று கிளாவர்’ என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இஸ்பேடில் ஒன்று, டயமனில் இரண்டு, அவ்வளவுதான் நஷ்டம். மீதி இஸ்பேடைத் துருப்பால் வெட்டலாம். பத்துப் பிடி, 130 பாயிண்ட். 130 கிடைக்க வேண்டிய இடத்தில் 140 கொடுத்தார், வித்தியாசம் 270. அவர் கேட்ட நோ டிரம்ப்பைப் புதியவர் சொல்லி, அதிலேயே ஏலம் நின்றிருந்தால்? நான் இஸ்பேடில் தொடங்கியிருப்பேன். இஸ்பேடில் ஐந்து, டயமனில் நாலு என்று ஒன்பது பிடி எங்களுக்கு. மூன்று குறைவு. தப்பு யாருடையது?

‘மைனரை ஏற்றாதே’ என்ற வாக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரியாததல்ல. கேமுக்கு 100 பாயிண்ட் வேண்டும். கிளாவர், டயமனில் ஒரு பிடிக்கு 20தான். ஆகவே பதினொரு பிடி எடுக்க வேண்டும். ஆர்ட்டின், இஸ்பேடில் 30. பத்துப் பிடி போதும். நோ டிரம்ப்பில் முதல் பிடிக்கு 40, பிறகு 30, ஒன்பதே போதும். இரண்டு பேரிடமும் சேர்த்து 25 பாயிண்ட் இருந்தால் நோ டிரம்ப்பைத் தேடுவது நியாயம். ஆனால் ஏழு பாயிண்டோடு இருப்பவனுக்கு கேம் கணக்கு எதற்கு? அவனுடைய வேலை இரண்டு. தன்னிடம் என்ன இருக்கிறது என்று ஜோடிக்குச் சொல்வது ஒன்று; எதிராளிக்கு இடத்தைக் குறைப்பது இன்னொன்று.

இப்படிச் சொன்னவுடன் எதற்கெடுத்தாலும் ஏற்றிவிடக் கூடாது. கையில் நாலு ஆர்ட்டினோ நாலு இஸ்பேடோ இருந்தால் முதலில் அதைச் சொல்ல வேண்டும். மேஜருக்கு ஐந்து சீட்டு கேட்கும் முறையில் ‘ஒரு கிளாவர்’ என்பது மூன்றே சீட்டாகவும் இருக்கலாம்; அதனால் ஏற்றுபவரிடம் ஐந்து இருப்பது நல்லது. நாலு பக்கமும் சமமான கை, எல்லாக் கலரிலும் கொஞ்சம் தடுப்பு என்றால் நோ டிரம்ப் சொல்லலாம். புதியவர் கையில் மேஜர் இல்லை, கிளாவர் ஐந்து, இஸ்பேடு ஒற்றை. ஏற்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான கை எங்கே கிடைக்கும்?

பிரெஞ்சுக்காரர் ழான்-ரெனே வெர்ன் 1966-லேயே ஒரு கணக்குச் சொன்னார். இரு தரப்பின் துருப்புச் சீட்டுகளையும் கூட்டினால் வருவதே, தத்தம் கலரில் இரு தரப்பும் எடுக்கக்கூடிய மொத்தப் பிடி, ஏறக்குறைய. அன்று அவர்களுக்குக் கிளாவர் பத்து, எங்களுக்கு இஸ்பேடு ஒன்பது, கூட்டினால் பத்தொன்பது. அவர்கள் எடுத்திருக்கக்கூடியது பத்து, நான் எடுத்தது ஒன்பது. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. இந்தக் கணக்கைப் போடவேண்டிய தகவலைப் புதியவர் கொடுத்துவிட்டார். கீழே இருப்பவன் ஒழுங்காகக் குறிப்பெழுதி அனுப்பிய கோப்பைப் படிக்காமலே மூடிவிட்டு, அவனுக்கே மெமோ கொடுக்கிற அதிகாரிகளை ஆபீசில் நிறையப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு சீட்டு மேஜையிலுமா?

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் இணைப் பிரிவில் தங்கம் வாங்கிய பிரணாப் பர்தனுக்கு வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. நம் வயதுக்காரர்களுக்கு இதைவிடத் தோதான ஆட்டம் இல்லை. ஆனால் நாலு பேர் வேண்டும். ஜோடியைத் திட்டி எந்தப் பிடியும் கூடியதில்லை.

கட்டபொம்மன் ஊரில் உட்கார்ந்துகொண்டு அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. 140 கிடைத்த சந்தோஷம். அதுதான் இப்போதும் உறுத்துகிறது. நாளைக் காலை பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போகிறேன். “நீங்கள் ஏற்றியது சரி” என்று சொல்ல வேண்டும். மூத்தவரும் இதைப் படிப்பார். கோபம் வந்தால் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு நாற்காலியும் நிரம்பட்டும்.