900 கிராம் டென்ட்... பனிமலைக் காற்றைத் தாங்குமா?

டிசம்பர் வந்தால் போதும், வாட்ஸ்அப் குரூப்களில் கேதார்கண்டா பேச்சு தொடங்கிவிடும். உத்தராகண்ட்டில் சுமார் 12,500 அடி உயரமுள்ள இந்தச் சிகரம், பனிக்கால ட்ரெக்கிங்கில் புதிதாக இறங்குபவர்களின் ஃபேவரைட். ஏற்பாட்டாளருடன் போனால் டென்ட் அவர்களே தந்துவிடுவார்கள். இரண்டு மூன்று ட்ரெக் முடித்த பிறகுதான் அந்த ஆசை வருகிறது: சொந்தமா ஒண்ணு வாங்கிடலாமே!

ஆன்லைனில் தேட உட்கார்ந்தால் முதலில் கண் போவது எடை மீதுதான். 2.5 கிலோ, 1.5 கிலோ, 900 கிராம்... எண் குறையக் குறைய விலையும் ஏறும், ஆசையும் ஏறும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எடை இரண்டாவது கேள்வி. அந்த டென்ட் எந்த மாதிரி இரவுக்கு என்பதுதான் முதல் கேள்வி.

கேதார்கண்டா பாதையையே பார்ப்போம். சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏறுபவர்கள் பலர் முதலில் தங்குவது ஜூடா கா தாலாப் ஏரிப் பக்கம். சுற்றிலும் மரங்கள் இருப்பதால் காற்றின் வேகம் அங்கேயே உடைந்துவிடும். பனி அதிகம் கொட்டாத இரவென்றால் நல்ல 3 சீசன் டென்டே சமாளிக்கும். அதே டென்டை மரங்கள் முடிந்த பிறகு, திறந்த முகட்டில் அடித்தால் கதை வேறு.

காற்றின் கணக்கு

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். 12,000 அடி உயரத்தில் 40 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் துணியில் தோராயமாக 5 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 80 கி.மீ. என்றால் 20 கிலோவைத் தாண்டிவிடும். கூடவே பனியும் விழும். கொஞ்சம் ஈரமான பனி 20 செ.மீ. படிந்தாலே சதுர மீட்டருக்கு 30 கிலோ வரை வரும். இத்தனையையும் தாங்க வேண்டியது விரல் தடிமன்கூட இல்லாத அலுமினியக் கம்பிகள்.

அதனால் எத்தனை கம்பி, அவை எத்தனை இடத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். 1975-ல் நார்த் ஃபேஸ் நிறுவனம் ‘ஓவல் இன்டென்ஷன்’ என்ற ஜியோடெசிக் டென்டைக் கொண்டுவந்தது. பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாட வடிவங்களிலிருந்து பிறந்த யோசனை அது. கம்பிகள் பல இடங்களில் குறுக்கிடுவதால் சுமை பிரிந்துபோகும். இன்றும் பெரிய மலைகளில் அந்த வடிவம்தான் நம்பிக்கை தருகிறது. எடை? பெரும்பாலும் 2.5 கிலோவுக்கு மேல். அந்தக் கூடுதல் எடைக்கு ஒரு காரணம் இருக்கிறது.

ட்ரெக்கிங் குச்சியை நடுவில் நிறுத்தி அடிக்கும் சூப்பர் லைட் டென்ட்கள் மோசமானவை அல்ல. பழகியவர் கையில் அருமையானவை. ஆனால் அவை நிற்பது முழுக்க முளைகளின் தயவில். பொடிப்பனியில் சாதாரண முளை வெண்ணெயில் குத்திய ஊசி மாதிரி உருவிக்கொண்டு வரும். கயிற்றின் நுனியில் பனி நிரப்பிய பையையோ, படுக்கவைத்த குச்சியையோ கட்டிப் புதைத்து, மேலே மிதித்து இறுக்கி, பனி கெட்டியாகும் வரை காத்திருக்க வேண்டும். விறைத்த விரல்களோடு, இருட்டுவதற்குள்.

லேபிளில் ஏமாறும் இடங்கள்

‘3000 மி.மீ. வாட்டர்ப்ரூஃப்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கூர்க் மழைக்கு அது சரி. உறைபனியில் அந்த எண்ணுக்குப் பெரிய வேலையில்லை. ‘4 சீசன்’ என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

உள்கூடாரம் முழுக்க வலையா, துணியா என்று பாருங்கள். வலையாக இருந்தால், வெளித்துணியின் அடியில் புகும் பொடிப்பனி மாவு சலித்தது மாதிரி ஸ்லீப்பிங் பேக் மேல் விழும். டவுன் நனைந்தால் சூடு போச்சு. நைலான் வெளித்துணி ஈரத்தில் தொய்யும், படுக்கும் முன் ஒருமுறை கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். பாலியஸ்டரில் இந்தத் தொல்லை குறைவு.

குளிருக்குப் பயந்து காற்றோட்டத் துவாரத்தை மூடுவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. மூச்சின் ஈரம் உள்ளே உறைந்து, காலையில் முகத்தில் உதிர்வதாவது வெறும் எரிச்சல். மூடிய டென்டுக்குள் ஸ்டவ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். பனி குவிந்து துவாரத்தை அடைத்தாலும் இதே ஆபத்துதான். இரவில் எழுந்து பனியைத் தள்ளிவிடச் சோம்பல் கூடாது.

எடை குறைக்கவே கூடாதா? தாராளமாகக் குறைக்கலாம். மூன்றாவது ஜீன்ஸ், பெரிய பவர் பேங்க், பாதி காலியான ஷாம்பு பாட்டில் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். இருவர் போனால் கம்பி ஒருவருக்கு, துணி ஒருவருக்கு எனப் பிரித்துக்கொண்டால் 2.6 கிலோ டென்டும் ஆளுக்கு 1.3 கிலோதான். ஏற்பாட்டாளருடன் போகிறவர்களும் பணம் கட்டும் முன், மேல் முகாமில் எந்த டென்ட் என்று கேட்பதில் தப்பே இல்லை.

வாங்கிய பிறகு ஒரு சின்ன வேலை பாக்கி. மொட்டை மாடியில், ஹெட்லேம்ப் வெளிச்சத்தில், தடிமனான கையுறையைக் கழற்றாமல் அதை ஒருமுறை அடித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. பத்து நிமிடத்தில் நிற்காத டென்டை, மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடலாம்.