யார் காசில கட்டினது?

ஒருநாள் ட்ரிப் எண்டால் எல்லா இடத்திலும் ஒரே அட்டவணைதான். இறங்கு, போட்டோ எடு, சாப்பிடு, திரும்ப பஸ்ஸில் ஏறு. பரிமாற்றத் திட்டத்தில் இங்கிலாந்து போன எங்கள் மாணவர் குழுவின் ட்ரிப்பும் அப்படித்தான் இருந்தது: காலையில் பிளெனிம் மாளிகை, பின்னேரம் ஒக்ஸ்போர்ட். போட்டோக்கள் வடிவாக வந்தன. ஆனாலும் இப்படியான ட்ரிப்புக்கு ஒரு கேள்வியையும் கொண்டுபோக வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்: இதற்குக் காசு எங்கிருந்து வந்தது?

பிளெனிமை எடுப்போம். 1704ஆம் ஆண்டுப் போரில் வென்ற மார்ல்பரோ பிரபு ஜோன் சேர்ச்சிலுக்கு ஆன் மகாராணி கொடுத்த பரிசு அது. வின்ஸ்டன் சேர்ச்சில் 1874இல் பிறந்ததும் அங்கேதான். இவ்வளவும் பலருக்குத் தெரியும். ஆனால் மகாராணிக்கும் பிரபுவின் மனைவி சாராவுக்கும் முறுகல் வந்து, 1712இல் அரச காசு நின்றுபோனது. அதுவரை செலவான 220,000 பவுணில் 45,000 பவுண் வேலையாட்களுக்குக் கொடுக்கப்படாமல் கிடந்தது. போரில் வென்றவருக்கு மாளிகை, கல் செதுக்கியவர்களுக்குக் கடன் கணக்கு.

ஒக்ஸ்போர்டில் எல்லாரும் போட்டோ எடுக்கிற வட்டக் கட்டடம் ராட்கிளிஃப் கமரா. அதற்குப் பக்கத்தில் இருப்பது ஓல் சோல்ஸ் கல்லூரி. 1710இல் இறந்த கிறிஸ்டோபர் கோட்ரிங்டன் விட்டுச்சென்ற 10,000 பவுணில் அதன் நூலகம் எழும்பியது. அவருடைய குடும்பச் சொத்து பார்படோஸ் கரும்புத் தோட்டங்களில், அடிமைகளாக வைக்கப்பட்ட ஆபிரிக்கர்களின் உழைப்பில் வந்தது. 2020இல்தான் கல்லூரி அந்தப் பெயரைக் கைவிட்டது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு நூலகம் எண்டால் கோயில் மாதிரி. அப்படி ஒரு இடத்தின் அத்திவாரத்திலும் இது கிடக்கிறது என்பது லேசில் விழுங்கக்கூடிய விசயமில்லை.

அதே நகரத்து அஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் ஒரு திருமங்கை ஆழ்வார் வெண்கலச் சிலையை வாங்கியது. அதே சிலை 1957இல் கும்பகோணத்துக்குக் கிட்டவுள்ள ஒரு கோயிலில் இருந்ததைக் காட்டும் புகைப்படத்தை ஒரு ஆய்வாளர் பிறகு எடுத்துக் காட்டினார். 2024இல், சிலையை இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுக்கப் பல்கலைக்கழகம் ஆதரவு தெரிவித்தது. “இது எப்பிடி இங்க வந்தது?” எண்டு ஒருவர் கேட்டிராவிட்டால் இது நடந்திருக்குமா?

“சந்தோசமா ஒரு நாள் போற இடத்திலயும் அரசியலா?” எண்டு சிலர் கேட்பார்கள். சந்தோசத்தை யாரும் பறிக்கவில்லை. பிளெனிமின் ஏரி உண்மையிலேயே வடிவு. கதை தெரிந்தால் அந்த வடிவு குறையாது. கட்டினவர்களும் படத்துக்குள் வருவார்கள், அவ்வளவுதான்.

இது வெள்ளைக்காரரை மட்டும் கேட்கிற கேள்வியும் இல்லை. எங்கள் பட்ச் ட்ரிப்புகள் நுவரெலியாவுக்குப் போகின்றன. தோட்டத்து துரை பங்களாவுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறோம். அந்த மலையைத் தேயிலைத் தோட்டமாக்கிய மலையகத் தமிழரின் லயம் எங்கள் போட்டோவில் விழுகிறதா?

ஆகவே ஒரு சின்ன யோசனை. அடுத்த ட்ரிப்புக்குக் காசு சேர்க்கும்போதே ஆளுக்கொரு இடத்தைப் பிரித்துக் கொடுப்போம். யார் கட்டினது, யாருடைய உழைப்பு, இப்ப யாருக்குச் சொந்தம் எண்டு வாசித்துவிட்டு வரட்டும். பஸ்ஸில் இரண்டு பைலாவுக்கு நடுவில் இரண்டு நிமிசம் கதைத்தால் போதும். பாட்டும் கெடாது, ட்ரிப்பும் கெடாது.